வாங்காத பொருளுக்கு ரசீது வந்தால்: போலிக் கட்டண மெயில்களிடம் சிக்காமல் இருக்க ஒரு வழிகாட்டி

நீங்கள் எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் "உங்கள் கட்டணம் பெறப்பட்டது, நன்றி" என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. தெரிந்த நிறுவனத்தின் சின்னம், நீளமான ஆர்டர் எண், இன்றைய தேதி, மனதைச் சுருக்கென்று தைக்கும் அளவுக்கு ஒரு தொகை. ஏதோ ஒரு ஆன்டிவைரஸ் சந்தா ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டதாம். கடைசியில் ஒரு வரி: "இந்தக் கட்டணத்தை நீங்கள் செலுத்தவில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் இங்கே அழுத்தி ரத்து செய்யவும்."

இணையத்தில் பணம் கட்டுவதற்கு இப்போதுதான் பழகிக்கொண்டிருப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மற்ற மோசடி மெயில்கள் நம்மிடம் எதையாவது கேட்கும். கணக்கைச் சரிபாருங்கள், பரிசைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஆசையோ பயமோ காட்டும். ரசீது அப்படி எதுவும் கேட்பதில்லை. முடிந்துபோன ஒரு காரியத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. பணம் போய்விட்டதே என்ற பதற்றத்தில் நாமாகவே லிங்க்கை அழுத்துகிறோம், நாமாகவே போன் செய்கிறோம். நாம் தேடிப்போய்ப் பேசுகிற ஆளை நாம் சந்தேகப்படுவதும் இல்லை. மோசடிக்காரர்களுக்கு வேண்டியது இதுதான்.

அதனால் முதலில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ரசீது வந்ததும் "இந்த மெயில் அசலா, போலியா?" என்று அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். "என் பணம் உண்மையில் போயிருக்கிறதா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அனுபவசாலிகளே திணறும் அளவுக்குப் போலிகள் வந்துவிட்டன. இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. பார்த்தால் தெரிந்துவிடும்.

முதல் வேலை: மெயிலை விட்டு வெளியே வாருங்கள்

மெயிலில் எதையும் தொடாதீர்கள். லிங்க், பட்டன், போன் எண், இணைப்புக் கோப்பு எதுவும் வேண்டாம். பதில் எழுதவும் வேண்டாம். அப்புறம் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, உங்கள் வங்கி அல்லது கார்டு கணக்கு. வங்கியின் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள், அல்லது முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள். முடிந்த பரிவர்த்தனைகளோடு நிலுவையில் இருப்பவற்றையும் பார்க்க வேண்டும். கார்டில் செய்த செலவு சில சமயம் முதலில் நிலுவையாக நிற்கும், ஓரிரு நாள் கழித்துத்தான் முழுமையாகப் பதிவாகும். அன்றைக்கு ஒன்றும் இல்லை என்றாலும் மறுநாள் இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு, யார் பெயரில் ரசீது வந்ததோ அந்த நிறுவனத்தில் உள்ள உங்கள் கணக்கு. பேபால் என்ற பணப் பரிமாற்றச் சேவை என்றால் உள்ளே நுழைந்ததும் பரிவர்த்தனைப் பட்டியல் இருக்கிறது. அமேசான் என்றால் ஆர்டர் பட்டியலைப் பாருங்கள். அமேசான் உங்களுக்கு அனுப்பும் மெயில்களின் பிரதியை உங்கள் கணக்கிலேயே செய்தி மையம் என்ற பகுதியில் வைத்திருக்கும். அதில் இல்லாத மெயிலை நம்ப வேண்டாம். ஆப்பிள், கூகுள் பிளே இரண்டிலும் கணக்கு அமைப்புகளுக்குள் வாங்கியவற்றின் பட்டியலும் சந்தாக்களின் பட்டியலும் உண்டு. இங்கேயும் ஆப்பை நேராகத் திறக்க வேண்டும், மெயில் வழியாகப் போகக் கூடாது.

இரண்டு இடத்திலும் எதுவும் இல்லையா? சரி, பணம் போகவில்லை. ரத்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த நிறுவனத்தில் உங்களுக்குக் கணக்கே இல்லை என்றால் இவ்வளவு தேடவும் வேண்டாம், வங்கிக் கணக்கை மட்டும் பார்த்தால் போதும்.

ஒருவேளை பணம் உண்மையிலேயே போயிருந்தால்? வீட்டில் வேறு யாராவது அதே கார்டில் எதையாவது வாங்கினார்களா என்று கேளுங்கள். பல சமயம் பதில் அங்கேயே கிடைத்துவிடும். யாரும் வாங்கவில்லை என்றால் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். அப்போதும் மெயிலில் உள்ள எண் வேண்டாம். தேடுபொறியில் "கஸ்டமர் கேர்" என்று தேடி முதலில் வரும் எண்ணும் வேண்டாம். விளம்பரமாகவோ, பொய்யான பக்கங்களாகவோ மோசடிக்காரர்கள் தங்கள் எண்களை அங்கேயும் போட்டு வைக்கிறார்கள்.

மெயிலைப் படிக்கக் கற்றுக்கொள்வது

கணக்கைப் பார்த்தாகிவிட்டது, பதற்றமும் தணிந்துவிட்டது. இனி அந்த மெயிலை நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். பணம் போனதா என்று முடிவு செய்ய இது தேவையில்லை. ஆனால் கண் பழகிவிட்டால் அடுத்த முறை பதற்றமே வராது.

அனுப்பியவர் பெயரிலிருந்து தொடங்குங்கள். மெயிலில் பெயர் வேறு, முகவரி வேறு. பெயர் என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மெயில் அனுப்புவதற்கான அடிப்படை விதிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அனுப்புகிறவர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. போனில் மெயில் ஆப்கள் பெரும்பாலும் பெயரை மட்டும்தான் காட்டும். பெயரைத் தட்டினால்தான் முழு முகவரி தெரியும். பெயர் பெரிய நிறுவனமாகவும், முகவரி யாரோ ஒருவரின் சொந்த ஜிமெயில் கணக்காகவும் இருந்தால் அதற்கு மேல் படிக்க வேண்டாம்.

அடுத்தது லிங்க். கம்ப்யூட்டரில் லிங்க்கின் மேல் மவுஸைக் கொண்டுபோய், அழுத்தாமல் நிறுத்துங்கள். அது உண்மையில் எங்கே போகிறது என்று பெரும்பாலும் ஓரத்தில் காட்டும். அந்த முகவரியைப் படிக்கும் முறையை இங்கே கற்றுக்கொள்ளுங்கள், இது ஆயுசுக்கும் உதவும். முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு வரும். அதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படியுங்கள். "கடை.காம்" என்பதுதான் அசல் தளம் என்று வைத்துக்கொள்வோம். "ரசீது.கடை.காம்/" என்று இருந்தால் பின்னாலிருந்து படிக்கும்போது காம், கடை என்று வருகிறது. இது அந்தக் கடைக்குச் சொந்தமானதுதான். "கடை.காம்.ரசீது-உதவி.நெட்/" என்று இருந்தால்? பின்னாலிருந்து நெட், ரசீது-உதவி என்று வருகிறது. இதன் சொந்தக்காரர் வேறு யாரோ. முன்னால் "கடை.காம்" என்று இருப்பது வெறும் அலங்காரம். போனின் குறுகிய திரையில் சில சமயம் முகவரியின் முன்பகுதி மட்டும் தெரியும் என்பதாலும் இப்படி எழுதுகிறார்கள். அதேபோல "கடை-ரசீது.காம்" என்பதும் "கடை.காம்" ஆகாது. நடுவில் ஒரு கோடு போட்டு யார் வேண்டுமானாலும் புதுப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம்.

எழுத்துகளிலும் விளையாடுவார்கள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். சிறிய எல் எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ரஷ்ய மொழி எழுத்துவரிசையில் உள்ள "அ" ஆங்கில "ஏ" போலவே தோன்றும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அது வேறு எழுத்து. இவ்வளவையும் கண்ணால் பிடித்துவிடலாம் என்று நம்பி இருக்காதீர்கள். இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு, கீழே சொல்கிறேன்.

பூட்டுச் சின்னத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிரவுசரில் பூட்டு தெரிந்தால் உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்றுதான் பொருள். அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவர் என்று பொருள் இல்லை. பூட்டைக் காட்டத் தேவையான சான்றிதழ் போலித் தளத்துக்கும் இலவசமாக, சில நிமிடங்களில் கிடைத்துவிடும். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் குரோம் பிரவுசர் 2023-இல் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். பிழை இருந்தால் சந்தேகப்படுவது இன்றைக்கும் சரிதான். ஆனால் பிழை இல்லாததால் அசல் என்று முடிவு செய்யக் கூடாது. அசல் ரசீதை அப்படியே நகலெடுத்துத் தொகையையும் லிங்க்கையும் மட்டும் மாற்றினால் பிழைக்கு எங்கே இடம்? மெயில் உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பதும் அப்படித்தான். பெயர் சொல்லாமல் "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று தொடங்கினால் சந்தேகப்படலாம். ஆனால் எங்கோ கசிந்த தரவுத்தளத்திலிருந்து உங்கள் பெயரும் போன் எண்ணும் அவர்களுக்குக் கிடைத்திருக்கலாம். பெயர் சரியாக இருப்பது எதற்கும் சான்றில்லை.

அசல் முகவரியிலிருந்தே வரும் போலி

இந்த வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "முகவரியைப் பார், போதும்" என்ற பழைய அறிவுரையை நம்பியவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பேபால் போன்ற சேவைகளில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி, யாருடைய மெயில் முகவரிக்கும் பில் அனுப்பலாம், பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பலாம். சிறு வியாபாரிகளுக்கு உதவத்தான் அந்த வசதி. மோசடிக்காரர் அதில் ஒரு கணக்கைத் தொடங்கி, உங்களுக்கு ஒரு பில் அனுப்புகிறார். விற்பவரின் குறிப்பு என்ற இடத்தில் இப்படி எழுதுகிறார்: "உங்கள் கணக்கிலிருந்து இந்தத் தொகை எடுக்கப்பட்டுள்ளது. நீங்கள் செய்யவில்லை என்றால் உடனே இந்த எண்ணை அழைக்கவும்." அந்த மெயிலை உங்களுக்கு அனுப்புவது உண்மையான நிறுவனத்தின் கம்ப்யூட்டர்தான். முகவரி அசல், சின்னம் அசல், லிங்க்குகளும் அசல் தளத்துக்கே போகும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மெயிலைச் சரிபார்க்கும் முறைகள் இருக்கின்றனவே, அவை அனைத்திலும் இது தேறிவிடும். மெயில் அந்த டொமைனிலிருந்து, அதாவது அந்த நிறுவனத்தின் தள முகவரியிலிருந்து வந்ததா என்பதை மட்டும்தான் அவை சொல்லும். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பது அவற்றுக்குத் தெரியாது. ஸ்பேம் வடிகட்டியும் இதை விட்டுவிடலாம்.

இதில் பொய் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: அந்தக் குறிப்பும் அதிலுள்ள போன் எண்ணும். எனவே ஒரு ரசீது மெயிலில் போன் எண் துருத்திக்கொண்டு, அழை அழை என்று நின்றால் உடனே உஷாராகிவிடுங்கள். இன்னொரு அடையாளமும் சில சமயம் கிடைக்கும். பெறுநர் என்ற இடத்தில் உங்கள் முகவரிக்குப் பதிலாக, சம்பந்தமே இல்லாத வேறொரு முகவரி இருக்கும். அந்த முகவரிக்கு வந்த அசல் மெயிலை ஒரு பெரிய பட்டியலுக்கு அப்படியே திருப்பிவிட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பணம் கேட்டு வரும் கோரிக்கையும் பணம் கட்டியதற்கான ரசீதும் ஒன்றல்ல. கோரிக்கை வந்தால் உங்கள் பணம் இன்னும் போகவில்லை. நீங்கள் சம்மதம் கொடுத்தால்தான் போகும். தளத்துக்குள் நேராகப் போய் அந்தக் கோரிக்கையை நிராகரித்துவிடலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம்.

அந்த எண்ணுக்குப் போன் செய்தால் என்ன ஆகும்

எடுப்பவர் மிக மரியாதையாகப் பேசுவார். ஆர்டர் எண்ணைக் கேட்பார், கம்ப்யூட்டரில் பார்ப்பதுபோல் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். "ஆமாம், உங்கள் பெயரில் யாரோ வாங்கியிருக்கிறார்கள், கவலைப்படாதீர்கள், நான் ரத்து செய்து தருகிறேன்" என்பார். அந்த ஆறுதல் வார்த்தையில்தான் மனம் அவர் பக்கம் சாய்கிறது.

அடுத்ததாக ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை தொலைவிலிருந்து ஒருவர் கம்ப்யூட்டரை இன்னொருவர் இயக்க உதவும் மென்பொருள்கள், நல்ல வேலைக்காக உருவானவை. ஆனால் முன்பின் தெரியாத ஆளுக்கு அதில் அனுமதி கொடுத்தால் உங்கள் திரை முழுவதும் அவர் கையில். "ரீஃபண்ட் வந்ததா என்று பார்ப்போம், வங்கித் தளத்தைத் திறங்கள்" என்பார். நீங்கள் உள்ளே நுழைந்ததும் திரையைச் சிறிது நேரம் கறுப்பாக்குவார். திரும்ப வரும்போது உங்கள் இருப்பில் எக்கச்சக்கமான தொகை ஏறியிருக்கும். உண்மையில் எதுவும் ஏறியிருக்காது. எந்த இணையப் பக்கத்திலும் தெரியும் எழுத்தையும் எண்ணையும் பிரவுசரிலேயே தற்காலிகமாக மாற்றிக் காட்ட முடியும். பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய எண் வந்துவிடும். சிலர் உங்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கே பணத்தை நகர்த்திவிட்டு, புதிதாக வந்ததுபோல் காட்டுவார்கள்.

பிறகு குரல் மாறும். "ஐயோ, ஒரு சைபர் கூடுதலாகப் போட்டுவிட்டேன், என் வேலை போய்விடும், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சுவார். மசியவில்லை என்றால் மிரட்டுவார். கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணைச் சொல்லச் சொல்வார், கிரிப்டோவில் அனுப்பச் சொல்வார். இரண்டுமே போனால் திரும்ப வாங்குவது மிகக் கடினம், அதனால்தான் அவற்றைக் கேட்கிறார்கள். இரக்கப்பட்டுப் பணத்தை இழந்த நல்ல மனிதர்கள் ஏராளம். அவர்கள் முட்டாள்கள் அல்ல, நேர்மையானவர்கள். அடுத்தவர் பணம் நம்மிடம் இருக்கக் கூடாது என்று நினைத்ததுதான் அவர்கள் செய்தது.

பேச்சு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் போனை வைத்துவிடலாம். விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இணைப்புக் கோப்பும் கியூஆர் குறியீடும்

ரசீதைப் பார்க்க இணைப்பைத் திறக்கச் சொன்னால் வேண்டாம். ஜிப் கோப்போ, எச்டிஎம்எல் கோப்போ ரசீதாக வந்தால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்எல் கோப்பைத் திறந்தால் பிரவுசரில் ஒரு பொய்யான உள்நுழைவுப் பக்கம் விரியும். பிடிஎஃப் அசல் ரசீதுகளிலும் வரும் என்பதால் குழப்பம். அதற்குள் லிங்க்கோ, போன் எண்ணோ, கியூஆர் குறியீடோ இருந்தால் மெயிலுக்குச் சொன்ன அதே விதிதான். கியூஆர் குறியீட்டை வைப்பதன் நோக்கம், ஸ்பேம் வடிகட்டிகளின் கண்ணில் படாமல் உங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு நகர்த்துவது.

முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

போலி முகவரிகளைப் பிடிக்க இன்னும் சிறந்த வழி உண்டு என்று மேலே சொன்னேனே, அது பாஸ்வேர்டு மேனேஜர் என்ற மென்பொருள். அது ஒவ்வொரு பாஸ்வேர்டையும் அது சேர்ந்த தளத்தின் முகவரியோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கும். எழுத்து எவ்வளவு ஒத்திருந்தாலும் முகவரி வேறு என்றால் அது தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்பும் பாஸ்வேர்டு இன்றைக்கு நிரம்பவில்லை என்றால் கையால் டைப் செய்யப் போகாதீர்கள், முகவரியைப் பாருங்கள். இதைவிட ஒருபடி மேல் பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக, போனின் பூட்டைத் திறப்பதுபோலவே கணக்குக்குள் நுழையும் முறை. அது அசல் தளத்தைத் தவிர வேறெங்கும் வேலை செய்யாது, டைப் செய்து யாரிடமும் கொடுத்துவிடவும் முடியாது. கிடைக்கும் இடங்களில் எல்லாம் அதை இயக்கி வையுங்கள்.

ஓடிபி இருக்கிறது, பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். போலித் தளத்தில் நீங்கள் போடும் ஓடிபியை அந்த நொடியே அசல் தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிடும் ஏற்பாடுகள் அவர்களிடம் உண்டு. ஓடிபி கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

வங்கி ஆப்பில் ஒவ்வொரு செலவுக்கும் உடனடி அறிவிப்பு வரும்படி வையுங்கள். இது சின்ன வேலைதான், ஆனால் ரசீது மோசடிக்கு எதிராக எனக்குத் தெரிந்த மிக நல்ல மருந்து. பணம் போனால் ஆப் சொல்லும் என்று தெரிந்திருந்தால், மெயில் என்ன சொன்னாலும் நெஞ்சு படபடக்காது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் போனிலும் இதை அமைத்துக் கொடுங்கள். "பணம் போனதாக மெயில் வந்தால் எதையும் தொடாமல் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். எப்போது கூப்பிட்டாலும் சலித்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை சலித்துக்கொண்டால் அடுத்த முறை அவர்கள் உங்களிடம் கேட்காமல் மெயிலில் உள்ள எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மெயிலை என்ன செய்வது? உங்கள் மெயில் ஆப்பில் ஃபிஷிங் (ஏமாற்றி விவரம் பறிக்கும் மெயில்) என்று புகார் செய்யும் வசதி இருந்தால் அதை அழுத்துங்கள், பிறகு நீக்கிவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் இத்தகைய மெயில்களைப் பெறவென்றே ஒரு முகவரி வைத்திருக்கின்றன, அவர்களுடைய தளத்தின் உதவிப் பக்கத்தில் கிடைக்கும். மெயிலின் அடியில் உள்ள "இனி அனுப்ப வேண்டாம்" லிங்க்கை அழுத்த வேண்டாம். இந்த முகவரியில் ஒரு ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டதாக ஆகும்.

ஏற்கனவே அழுத்திவிட்டால்

லிங்க்கை அழுத்தினீர்கள், பக்கம் திறந்தது, எதையும் டைப் செய்யவில்லை, எதையும் இறக்கவில்லை. பெரும்பாலும் ஆபத்து இல்லை. பக்கத்தை மூடுங்கள், பிரவுசரையும் போனையும் அப்டேட் செய்துகொள்ளுங்கள்.

பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால், அசல் தளத்துக்குப் போய் உடனே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தியிருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்ற வசதியைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஏற்கனவே உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பார். கொடுத்தது மெயில் பாஸ்வேர்டு என்றால் இன்னும் ஒன்று: அமைப்புகளில் உங்கள் மெயில்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்று தேடுங்கள். பலரும் பார்க்கத் தவறும் இடம் அது. பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அந்த விதி வேலை செய்துகொண்டே இருக்கும்.

கார்டு விவரம் கொடுத்துவிட்டால் வங்கி ஆப்பிலேயே கார்டை முடக்கிவிட்டு, பிறகு கார்டின் பின்பக்க எண்ணுக்குப் பேசுங்கள். முடக்குவதுதான் முதலில், பேசுவது அப்புறம்.

தொலைவிலிருந்து இயக்க அனுமதி கொடுத்துவிட்டால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கிக்குப் பேசி, பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அந்த ஆப்பை நீக்கியதோடு விட்டுவிடாமல், விவரம் தெரிந்த ஒருவரிடம் கம்ப்யூட்டரைக் காட்டி முழுவதும் சரிபார்த்த பிறகே அதில் மறுபடி வங்கித் தளத்தைத் திறக்க வேண்டும்.

பணமே போய்விட்டது என்றால் வங்கியிடமும் காவல்துறையிடமும் அன்றைக்கே புகார் கொடுங்கள். மெயில், போன் எண், பணம் போன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நேரம் போகப்போகப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு குறையும்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு போன் வரலாம். "நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்பார்கள். எவ்வளவு இழந்தீர்கள் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும் என்பதால்தான் தெரிந்திருக்கிறது. அந்தப் போனையும் வைத்துவிட்டு, எண்ணை உங்கள் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.